வீடு கட்டி முடியும் வரை சாமானை எங்கே வைப்பது? 150 சதுர அடி ரூம், 75 சதுர அடி ரூம், மாமாவின் தறிக்குடோன்

கோவை சிங்காநல்லூரில் இருந்த எங்கள் பழைய வீட்டை மாசியில் இடித்தோம். பத்து மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றார் மேஸ்திரி. மாசியிலிருந்து பத்து மாதம் எண்ணினால் மார்கழியில் போய் நிற்கும். மார்கழியில் யார் பால் காய்ச்சுவார்கள்? ஆக, தை. பதினொரு மாதம். அதுவரை குடியிருக்க ஒண்டிப்புதூரில் மாடியில் இரண்டு ரூம் வீடு ஒன்று அமைந்தது. சமையல் சாமான், துணிமணி, ஒரு கட்டில், டிவி, இவ்வளவுதான் அதில் அடங்கும். முப்பது வருஷமாகச் சேர்ந்த மற்றதெல்லாம் வெளியே எங்காவது போயாக வேண்டும்.

அவிநாசி ரோட்டுப் பக்கம் ஸ்டோரேஜ் ரூம் வாடகைக்கு விடும் ஒரு இடத்துக்குப் போனேன். "மூணு பெட்ரூம் வீட்டுச் சாமானுங்களா? நூத்தம்பது சதுர அடி எடுத்துக்குங்க, தாராளமா இருக்கும்ங்க" என்றார் அங்கிருந்தவர். பத்துக்குப் பதினைந்து அடி. அன்று பொழுதோடு சோமனூர் மாமா போன் செய்தார். "எதுக்கு மாப்ள காசக் கொட்டற? நம்ம தறிக்குடோன் சும்மாதான கெடக்குது, கொண்டாந்து போடு." ஒருவர் பெரிய ரூமை விற்கப் பார்க்கிறார், இன்னொருவர் இலவசமாகவே தருகிறார். இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு இஞ்சி டேப்பும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் தேவைப்பட்டன.

முதலில் வாடகைக் கணக்கு. இடத்துக்கு இடம், மாடிக்கு மாடி விலை மாறும். அதனால் சதுர அடிக்கு மாதம் 50 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்கிறேன், உங்களுக்குச் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 150 சதுர அடிக்கு 7,500. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 8,850. நூறு சதுர அடி என்றால் 5,900. எழுபத்தைந்து என்றால் 4,425. பதினொரு மாதத்துக்குப் பெருக்கினால் 150க்கு 97,350 ரூபாய், 75க்கு 48,675 ரூபாய். அந்த வித்தியாசத்தில் புது வீட்டுக்கு நல்ல சோபாவே வாங்கிவிடலாம். (வாடகையைச் சொல்லும்போது பலர் ஜிஎஸ்டியைச் சேர்த்துச் சொல்வதில்லை. பில் வரும்போதுதான் தெரியும். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.)

அடுத்து சாமான். எத்தனை பெட்ரூம் என்று கேட்டு ரூம் சைஸ் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. சாமான் தரையில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதுதான் கணக்கு. ஸ்டீல் பீரோ மூன்றடி அகலம், ஒன்றரை அடிக்குச் சற்று மேல் ஆழம். இரண்டு பீரோவுக்குப் பத்து சதுர அடி. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்ந்து ஒன்பது. மூன்று பேர் உட்காரும் சோபா பதினெட்டு. ஒற்றை சோபா இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்தால் ஏழு. கட்டிலைக் கழற்றி, மெத்தைகளோடு சுவரோரம் நிறுத்தினால் பதின்மூன்று. டைனிங் டேபிளின் காலைக் கழற்றிச் சாய்த்து, ஆறு நாற்காலியையும் ஜோடி ஜோடியாக அடுக்கினால் பத்து. ஒன்றரை அடி அட்டைப்பெட்டி இருபத்துநான்கை நான்கு நான்காக அடுக்கினால் பதின்மூன்று, பதினான்கு. மொத்தம் எண்பதுக்குக் கொஞ்சம் மேல். இதுபோக அப்பத்தா வீட்டிலிருந்து வந்த பித்தளை அண்டாக்கள், தவலை, ஆட்டாங்கல், அம்மி, ஊஞ்சல் பலகை எல்லாம் இன்னொரு பதினைந்து சதுர அடி.

நடக்க வழி விட வேண்டும் என்பதை முதல் கணக்கில் நானும் மறந்துவிட்டேன். இரண்டடி அகலத்தில் ஷட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரை ஒரு சந்து இல்லாவிட்டால், உள்ளே ஓரத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்காக முன்னால் இருக்கும் அத்தனையையும் வெளியே இழுத்துப் போட வேண்டியிருக்கும். பத்தடி நீளத்துக்கு அந்தச் சந்து இருபது சதுர அடி தின்னும். ஆக மொத்தம் 115. நூறில் அடங்காது. 150 என்று அவர் சொன்னது அப்படி ஒன்றும் அநியாயம் இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் பெரிய ரூமுக்கு ஒரு குணம் உண்டு. இடம் மிச்சம் இருந்தால் வேண்டாததும் கூடவே ஏறும். எங்கள் அட்டாலியில் (பரணில்) ஓடாத சீலிங் ஃபேன் மூன்றும், அண்ணன் டைப்ரைட்டிங் படித்த காலத்துப் புத்தகக் கட்டும், மூடி இல்லாத பிரஷர் குக்கர் ஒன்றும் இருந்தன. 150 எடுத்திருந்தால் அவற்றுக்கும் மாதாமாதம் வாடகை கட்டியிருப்பேன்.

இப்போது மாமாவின் குடோன். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடாமல் கிடக்கும் கொட்டகைகள் நிறைய. வாடகை கேட்காமல் கொடுக்க மாமாவோ சித்தப்பாவோ யாராவது ஒருவர் எல்லாருக்கும் இருப்பார். அந்த யோசனையை எடுத்ததும் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அதை நான் இலவசம் என்று எண்ணவில்லை. காரணம், சில வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி குடும்பம் வெளியூருக்கு மாற்றலாகிப் போனபோது நடந்தது. கிணத்துக்கடவு பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் தோட்டத்துச் சாளையில் (கொட்டகை வீட்டில்) சாமானை இறக்கினோம். ஒரு மழைக்காலம் கழிந்து போய்ப் பார்த்தோம். பிளைவுட் ஷோகேஸ் வைத்தது வைத்தபடி நின்றது. சன்மைக்காவில் ஒரு கீறல் இல்லை. தங்கச்சி பக்கவாட்டில் கை ஊன்றினாள். கட்டைவிரல் அப்பளத்துக்குள் போவதுபோல உள்ளே போய்விட்டது. சன்மைக்காவுக்குப் பின்னால் மரமே இல்லை, முழுக்கச் செம்மண். கரையான் மண் தரையிலிருந்து கால் வழியாக ஏறி, மரத்தைத் தின்றுவிட்டு மண்ணை நிரப்பி வைத்திருந்தது. அதே சாளையில், அதே மூலையில் நின்ற பழைய தேக்குக் கட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் லேசில் தொடாது. பித்தளைக் குடத்தில் கொஞ்சம் பச்சை பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தவுடன் போய்விட்டது.

அந்தத் தேக்குக் கட்டில்தான் எனக்கு வழி காட்டியது. எல்லாச் சாமானையும் ஒட்டுக்கா ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? அளவைப் பார்த்துப் பிரிக்காமல், எதற்கு எது எதிரி என்று பார்த்துப் பிரித்தேன். கரையானுக்கு வேண்டியது பிளைவுட், அட்டைப்பெட்டி, புத்தகம். எலிக்கு மெத்தை, சோபா பஞ்சு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் ஒயர். ஈரம் துணியையும் மெத்தையையும் கெடுக்கும். தகரக் கூரையின் சூடு ரெக்சினை உரித்துவிடும். பித்தளை, கல், தேக்கு மூன்றையும் இதில் எதுவும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு ஏன் சதுர அடிக்கு 50 ரூபாய் வாடகை?

இப்படிப் பார்த்தால் தறிக்குடோனின் குறையும் தெளிவாகத் தெரியும். பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடினால் பஞ்சுத் தூசி எந்நேரமும் பறக்கும். அது ஃபிரிட்ஜ் பின்பக்கம் படியும், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். கூரை சிமென்ட் ஷீட். சித்திரை வெயிலில் மத்தியானம் உள்ளே நின்றாலே மண்டை காயும். இன்னொன்று, மாமாவுக்கு ஆர்டர் வந்து தறியை மறுபடி ஓட்ட நினைத்தால் "எடுத்துக்கோ மாப்ள" என்று சொல்ல அவருக்கும் சங்கடம், எடுத்துப் போக எனக்கும் இடம் இருக்காது. வாடகை கொடுத்திருந்தால் கேட்கலாம். சும்மா வைத்திருக்கிறவன் எதைக் கேட்க முடியும்?

இடையில் இன்னும் இரண்டு வழிகளையும் பார்த்தேன். ஒன்று, லைன் வீட்டில் ஒரு ரூமைப் பிடித்துப் பூட்டி வைப்பது. வாடகை குறைவு. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத, ஜன்னல் திறக்காத கீழ்த்தள ரூமில் மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எந்தச் சுவரில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. பார்த்த ரூமில் இடுப்பு உயரத்துக்குச் சுவர் பொரிந்திருந்தது. "வெள்ளையடிச்சுக் குடுத்தர்றோம்ங்க" என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இன்னொன்று, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்களே வந்து கட்டி, ஏற்றி, அவர்கள் குடோனில் வைத்துத் திருப்பித் தருவது. கையில் சின்னக் குழந்தையோ, வெளிநாட்டு வேலையோ, முதுகு வலியோ இருப்பவர்களுக்கு இதுதான் சரி. ஸ்டோரேஜ் ரூமுக்கும் இதற்கும் சட்டத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. சாமானை ஒருவர் கையில் ஒப்படைத்தால், 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 151ஆவது பிரிவின்படி, தன் சொந்தப் பொருளை சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதன் எப்படிப் பார்த்துக்கொள்வானோ அந்த அளவு அக்கறை அவர் காட்டியாக வேண்டும். செல்ஃப் ஸ்டோரேஜ், அதாவது ஸ்டோரேஜ் ரூம், அப்படி இல்லை. அவர்கள் தருவது இடம் மட்டும்தான். பூட்டு உங்களுடையது, சாவி உங்களுடையது, உள்ளே இருப்பதற்குப் பொறுப்பும் பெரும்பாலும் உங்களுடையது என்று அக்ரிமென்டில் எழுதியிருப்பார்கள். நல்லதோ கெட்டதோ, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒப்படைக்கும் வழியில் போனால் பட்டியலில் வெறும் "பீரோ 1" என்று எழுதவிடாதீர்கள், "இடது கதவில் நசுங்கல்" என்பதுவரை எழுத வையுங்கள், போட்டோவும் எடுங்கள். நான் அந்த வழிக்குப் போகாததற்கு ஒரே காரணம், நடுவில் ஒரு பெட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி, அதற்குத் தனியாகக் காசு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பிள்ளையின் பாடப் புத்தகம் எந்தப் பெட்டியில் போனது என்று தெரியாத வீட்டுக்கு அது ஒத்துவராது.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்கு எடுத்த பாலிசி, அதில் எழுதியிருக்கும் முகவரியில் இருக்கும் சாமானுக்குத்தான். இடம் மாறினால் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். பேக்கர்ஸ் ஆட்கள் சொல்லும் டிரான்சிட் இன்சூரன்ஸ் வண்டியில் போகும் நேரத்துக்கு மட்டும்.

சரி, ஸ்டோரேஜ் ரூம்தான் என்று முடிவான பிறகு எந்த இடம், எந்த ரூம்? மூன்று இடம் பார்த்தேன். மத்தியானம் இரண்டரை மணிக்கே போனேன். காலையில் எந்தக் குடோனும் குளுகுளுவென்றுதான் இருக்கும். ஷட்டரில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே போய் ஷட்டரை இறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தையும் அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன். முதல் இடத்தில் கூரையில் நட்சத்திரம் தெரிந்தது, அதாவது ஷீட்டில் ஓட்டை. வெளிச்சம் வரும் வழியில் மழையும் வரும். இரண்டாவது இடத்தில் ரூமுக்கு ரூம் தடுப்பு பாதி உயரம்தான், அதற்கு மேல் கம்பி வலை. பக்கத்து ரூம்காரர் பழைய மெத்தையோடு மூட்டைப்பூச்சி கொண்டுவந்தால் எனக்கும் பங்கு உண்டு. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் பென்சில் உருட்டிப் பார்த்தேன். பென்சில் போகும் சந்தில் சுண்டெலி போகும். மூன்றாவது இடத்தில் பென்சில் போகவில்லை, கூரை கான்கிரீட், நெடி இல்லை. பூட்டியிருந்த ரூமைத் திறந்தவுடன் மூக்கில் பூசண வாடை அடிக்கிறதா என்பதை எந்த மீட்டரை விடவும் நம்பலாம்.

எந்த திசை என்பதையும் பாருங்கள். பேரூர், தொண்டாமுத்தூர், ஆலாந்துறை பக்கம் மலையை ஒட்டிய ஊர்கள். ஆனி, ஆடியில் அங்கே தூறல் நாள்கணக்கில் விடாது, பொள்ளாச்சியும் அப்படித்தான். சூலூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கம் வறட்சி. ஈரத்துக்கு அது நல்லது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று புழுதியை ஷட்டருக்கு அடியில் தள்ளிக்கொண்டே இருக்கும். நான் புழுதியைத் தேர்ந்தெடுத்தேன். தூசியைத் துடைத்துவிடலாம், பூசணம் பூத்த மெத்தையை என்ன செய்வது? ஐப்பசி மழை இரண்டு பக்கமும்தான், அதற்கு மேடான இடமாகப் பார்க்க வேண்டும். லங்கா கார்னரில் தண்ணீர் நிற்பதைக் கோவைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த மாதிரிப் பள்ளத்தில் குடோன் இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள். மேல்தளம் கிடைத்தால் நல்லது. ஒரு விஷயம் மட்டும், லிஃப்டின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஆறரை அடி பீரோ லிஃப்டில் நேராக நுழையாவிட்டால் படியில்தான் ஏற வேண்டும், ஏற்றுக்கூலி ஒன்றுக்கு இரண்டாகும்.

கடைசியில் செய்தது இது. சோபா செட்டை விற்றுவிட்டோம். பத்து வருஷம் ஆன ரெக்சின், எப்படியும் புது வீட்டுக்கு வரப்போவதில்லை. ஒரே முடிவில் இருபத்தைந்து சதுர அடி மிச்சம். பித்தளை, கல், ஊஞ்சல் பலகை, காலி செய்த பழைய பீரோ ஒன்று, இவை ஒரு குட்டி யானையில் சோமனூருக்குப் போயின. மாமாவுக்கும் மனசு குளிர்ந்தது, நம்ம வீட்டுச் சாமான் நம்ம குடோனில் இருக்கிறது என்று. அட்டாலிச் சாமான் பழைய இரும்புக்காரருக்கு. மீதி தரைக் கணக்கு ஐம்பது. சந்துக்கு இருபது. பத்துக்கு ஏழரை அடி ரூமில் அடங்கியது. நூறு எடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமே என்று என் மனைவி இன்றும் சொல்வதுண்டு. சோபாவை விற்க மனசு வராத வீட்டுக்கு நூறுதான் சரி, அதில் சந்தேகமில்லை. ஐம்பது சதுர அடி ரூமைக் காட்டி "கூரை வரைக்கும் அடுக்கிக்கலாம்ங்க" என்பவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. அடுக்கலாம்தான். கடைசிப் பெட்டி வெளியே வர ஆள் கூலி தனி.

அடுக்கியதில் பட்டு அறிந்த சில. தரையில் மரப் பலகை போட்டு அதன்மேல்தான் எல்லாம். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி. ஃபிரிட்ஜை இரண்டு நாள் முன்னாலேயே அணைத்துத் துடைத்துக் காயவிட்டு, கதவு மூடாமல் இடையில் ஒரு துணிச் சுருள் வைத்தோம். மூடி வைத்தால் திறக்கும்போது வரும் நாற்றம் லேசில் போகாது. மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே ஈரம் அடைபட்டால் வேர்த்துவிடும், பழைய பருத்திப் போர்வை போதும். பட்டுச் சேலைகளையும் பத்திரங்களையும் கூடவே வைத்துக்கொண்டோம். சேலையை அவ்வப்போது மடிப்பு மாற்றிப் போடாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே இற்றுவிடும், பூட்டிய ரூமில் யார் மடிப்பு மாற்றுவது? கேஸ் சிலிண்டர், பட்டாசு, பெயின்ட் டின், அரிசி பருப்பு எதையும் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது.

அக்ரிமென்டில் நான் அடம்பிடித்தது ஒன்றுக்குத்தான். பத்து மாதத்துக்குக் கட்டினால் ஒரு மாதம் தள்ளுபடி என்றார்கள். பதினொன்றாவது மாதமும் அதே வாடகையில் நீட்டித்துத் தர வேண்டும் என்று எழுதி வாங்கினேன். மார்கழி என்றதும் அவர் சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்றார்.

இதை எழுதும்போது ஐப்பசி. போன வாரம் இரண்டு நாள் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு போய் ஷட்டரைத் தூக்கினேன். பலகைக்கு அடியில் கை விட்டுத் தடவினேன், தூசிதான் ஒட்டியது. சந்தில் கடைசி வரை நடந்து போய், பையனின் அட்லஸை மூன்றாவது அடுக்கின் மேல் பெட்டியிலிருந்து ஐந்து நிமிஷத்தில் எடுத்துவந்தேன். இன்னும் ஒரு வேலை பாக்கி. பால் காய்ச்ச அப்பத்தாவின் வெண்கலப் பானைதான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அது சோமனூரில், பெரிய அண்டாவுக்குள் இருக்கிறது. அண்டா ஆட்டாங்கல்லுக்குப் பின்னால். அங்கே நாங்கள் சந்து விடவில்லை.